எலியைக் கொன்றவரே எடுக்கட்டும்

வீட்டுக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால், திருச்சியில் பலர் போன் போடுவது எலக்ட்ரீஷியனுக்கு. ஏணியும் டார்ச்சும் அவனிடம்தான் இருக்கின்றன. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எது எப்படிப் போகிறது என்பதும் அவனுக்குத்தான் தெரியும். உறையூர், தில்லை நகர், ஸ்ரீரங்கம் பக்கம் ஒயரிங் வேலை பார்க்கும் எனக்கு, செத்த எலி தேடுவது கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட துணைத் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன்: வீட்டுக்குள் எலி விஷம் வைப்பதை நிறுத்துங்கள். மீறி வைத்தால், செத்ததை எடுக்கும் வேலையையும் நீங்களே செய்யுங்கள்.

முதலில், அது எலிதானா என்று பாருங்கள். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அதுவும் அழுகல் நாற்றம்தான் அடிக்கும். அடுப்படிப் பக்கம் நாற்றம் தூக்கலாக இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். சில சமயம் வீட்டில் மீன் கவிச்சு போல அடிக்கும். லூஸான பிளக் பாயின்ட்டோ ஸ்விட்சோ சூடாகி அதன் பிளாஸ்டிக் உருகினாலும் அப்படி அடிக்கும். எலி என்று நினைத்து ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு, சுவருக்குள் தீ கனன்றுகொண்டிருப்பது தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

எலிதான் என்று முடிவானால் தேடுவதற்கு முறை இருக்கிறது. ஃபேனை அணைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி, வீட்டை ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். தெருவில் சற்று நின்று நல்ல காற்றை இழுத்துவிட்டு உள்ளே வாருங்கள். வீட்டில் இருப்பவர்களின் மூக்கு அந்த நாற்றத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். வெளியாளுக்குத்தான் திசை பிடிபடும். அப்புறம் ஈயைக் கவனியுங்கள். பளபளக்கும் பச்சை ஈ, நீல ஈ சுற்றினால் பாதி வேலை முடிந்தது. நான் வழக்கமாகப் பார்க்கும் இடங்கள்: பிரிட்ஜின் பின்னால் கம்ப்ரஸர் பக்கம், வாஷிங் மெஷினின் அடி, மாடுலர் கிச்சன் அலமாரிக்குக் கீழே பலகை அடித்து மறைத்த இடுக்கு, சிம்னி குழாய், பரண் மேல் அட்டைப்பெட்டிகள், கடைசியாக ஃபால்ஸ் சீலிங்.

அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் உத்தரமும் சட்டமும் கண்ணுக்குத் தெரியும். எலி ஓடினாலும் தெரியும், செத்தாலும் தெரியும். இப்போது கட்டும் வீட்டில் குழாய், ஒயர், பீம் எல்லாவற்றையும் மறைப்பதற்குத்தான் காசு. அந்த மறைப்பெல்லாம் எலிக்கு வாடகையில்லாத வீடு. அதற்குள் விஷத்தையும் வைத்தால், அது வேறெங்கே போய்ச் சாகும்?

"விஷம் தின்ற எலி தண்ணி தேடி வெளியே ஓடிரும்ணே, நாத்தமே வராது" என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இன்று அதிகம் விற்கும் எலி கேக்குகளில் இருப்பது புரோமடையோலோன் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, சோர்ந்து, மூன்று முதல் ஏழு நாளில் சாகும். உடம்பு முடியாத எலி தெருவுக்குப் போகாது, தன் பொந்துக்குத்தான் போகும். அந்தப் பொந்து உங்கள் படுக்கையறைக்கு மேலே இருக்கும்.

விஷயம் நாற்றத்தோடு நிற்பதில்லை. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில், பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார் எலி மருந்து வைத்துவிட்டுப் போன இரவில், அதன் நச்சை மூச்சில் இழுத்து இரண்டு குழந்தைகள் இறந்தன. பெற்றோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். பல வீடுகளில் புழங்கிய மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலையே அழிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தமிழக அரசு அதற்குத் தடை போட்ட பிறகும், பழக்க தோஷத்தில் கடையில் அதையே கேட்பவர்களைப் பார்க்கிறேன். ஒரு சுண்டெலிக்காகக் குழந்தை தவழும் தரையில் இதையெல்லாம் வைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு. எலி இருக்கும் இடத்தைக் காட்டியதும் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். தெருவில் கூட்டிக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளரைக் கூப்பிடுவார். "ஐம்பது ரூபா தர்றேன், இதைக் கொஞ்சம் எடுத்துப் போட்டுடும்மா." அந்த அம்மாவிடம் கையுறை இருக்கிறதா என்று கேட்பதில்லை. அவர் அந்த வீட்டுக் கூடத்தை மிதிப்பதே அன்றைக்கு மட்டும்தான். மற்ற நாளில் தண்ணீர் கேட்டால்கூட கேட்டுக்கு வெளியே வைத்துத் தருகிற வீடுகள் இவற்றில் உண்டு. விஷம் வைத்த கை ஒன்று, பிணம் எடுக்கிற கை இன்னொன்று என்று நாம் பிரித்து வைத்திருப்பது எலி விஷயத்தில் மட்டும் முளைத்த வழக்கமல்ல. எந்தச் சாதிக்காரர்கள் எதை எடுக்க வேண்டும் என்று காலம் காலமாக எழுதாமல் எழுதி வைத்ததன் மிச்சம் அது.

எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. முகக்கவசம், ரப்பர் கையுறை, இரண்டு பிளாஸ்டிக் கவர், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் போதும். எலியின் மேலும் சுற்றிலும் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். வறட்டுத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசியாகக் கிளம்பும். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அது உள்ளே போக வழி. கவரை உள்புறம் வெளியாக்கிக் கையில் மாட்டி, அள்ளி, முடிச்சுப் போட்டு, இன்னொரு கவரில் போடுங்கள். கிடந்த இடத்தை மறுபடி கழுவுங்கள். தோட்டம் இருந்தால் கவரைப் பிரித்து எலியை மட்டும் இரண்டடி ஆழத்தில், மேலே சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். காக்கைக்கு ஆகும் என்று ரோட்டில் வீசாதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்னும் காக்கைக்கும் பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும். அடுத்த எலியைப் பிடிக்கப் பூனையும் ஆந்தையும் வேண்டாமா?

சாம்பிராணியும் ரூம் ஸ்ப்ரேயும் நாற்றத்தை விரட்டாது. பிணம் கிடக்கும்வரை அது ஊறிக்கொண்டேதான் இருக்கும். கை எட்டாத இடமென்றால் சிறிய எலி ஒரு வாரத்தில் காய்ந்துவிடலாம், பெரிய எலிக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், தட்டில் அடுப்புக்கரி வையுங்கள், ஓரளவு குறையும். சீலிங்கை அறுத்து எடுப்பதுதான் சரி என்றால் தயங்காதீர்கள். ஜிப்சம் போர்டு ஒட்டுப்போடக் கூடியதுதான். புதிதாகச் சீலிங் போடுபவர்கள், ஆள் தலையை நுழைத்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு கதவு வைக்கச் சொல்லி ஆசாரியிடம் கறாராகக் கேளுங்கள்.

எலியை என்னதான் செய்வது? நுழையும் வழியை அடைத்துவிடுங்கள். கட்டைவிரல் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும், சுண்டெலிக்கு அதில் பாதி போதும். ஏசி பைப் போகும் துளையில் பேப்பரைத் திணித்து மேலே ஒயிட் சிமென்ட் பூசிவிட்டுப் போவது எங்கள் தொழிலில் பலர் செய்கிற வேலை. எலி அதை ஒரே ராத்திரியில் குடைந்துவிடும். கம்பி வலையைச் சுருட்டித் திணித்து, சிமென்ட் கலவை பூசச் சொல்லுங்கள். பாத்ரூம் ஜல்லடை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்துவிட்டதற்குப் பொறி இருக்கிறது. புதிய சாமானைக் கண்டால் எலி ஒதுங்கும். அதனால் முதல் சில நாள் பொறியைப் பூட்டாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு பூட்டுங்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பாருங்கள். பொறியில் செத்த எலி எங்கே கிடக்கிறது என்று தேட எலக்ட்ரீஷியன் தேவையில்லை.

பொறியில் எலி சாவதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும், உண்மைதான். விஷம் அந்தச் சங்கடத்தை மட்டும் மிச்சப்படுத்துகிறது. அதற்குப் பதிலாகக் குழந்தைக்கு ஆபத்தையும், வீட்டுக்கு நாற்றத்தையும், தெரு கூட்டும் அம்மாவுக்கு நாம் செய்ய வேண்டிய வேலையையும் தருகிறது. அடுத்த முறை கடைக்குப் போனால் பொறி கேளுங்கள். கூடவே ஒரு ஜோடி கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் கை அளவுக்கு.