வைன் சக்கையும் மாமாவின் பிபி மாத்திரையும்

போன வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன் மக்களே. ஃபிரிட்ஜ் மேல புதுசா ஒரு டப்பா. திராட்சைக் கொட்டை மாத்திரை, விலை 2,400 ரூபாய். "ஃபிரான்ஸ்காரன் வைன் பிழிஞ்ச மிச்சத்துல இருந்து எடுக்கறான் மாப்ளே, ரத்தக்குழாய்க்கு அமிர்தம்"னார். தலையாட்டி வெச்சேன். அப்புறம்தான் அத்தை மெதுவா சொன்னாங்க, ரெண்டு மாசமா பிபி மாத்திரையே போடறதில்லையாம். அளந்து பார்த்தா 170/100.

நான் படிச்சது கெமிக்கல், பொழைக்கறது ஜாவால. ஆனாலும் இதைப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு (நாலு வருஷம் ஃபீஸ் கட்டியிருக்கோம்ல!).

வைன் கழிவுல காசு இருக்கறது நெசம். நூறு கிலோ திராட்சையைப் பிழிஞ்சா இருபது கிலோ சக்கை மிஞ்சும். இத்தாலிக்காரன் அதைக் காய்ச்சி கிராப்பான்னு ஒரு சாராயம் எடுக்கறான். தோல்ல இருந்து எடுக்கற சாயத்தை ஜாம், ஜூஸ்ல ஈ163ன்னு சேர்க்கறாங்க. கொட்டைல இருந்து எண்ணெய்.

எனக்குப் பிடிச்சது டார்டார்தான். வைன் பீப்பாயோட உள்பக்கம் உப்பு மாதிரி பொருக்குப் படியும். அதையும் அடி வண்டலையும் வெந்நீர்ல கரைச்சு சுண்ணாம்பு சேர்த்தா, கால்சியம் டார்ட்ரேட் அடியில இறங்கிடும். அதுல கந்தக அமிலம் ஊத்தினா கால்சியம் ஜிப்சமா ஒதுங்கும், டார்டாரிக் அமிலம் கரைசல்ல நிக்கும். 1769ல ஷீலே பண்ணினதும் கிட்டத்தட்ட இதேதான். நம்ம ரசத்துல புளி கொடுக்கற புளிப்பும் இதே அமிலம்! பேக்கிங் பவுடருக்கும், ஜிப்சம் பூச்சு சட்டுனு இறுகாம இருக்கறதுக்கும் இது போகுது. மூட்டை மூட்டையா விக்குது, ஆனா யாரும் இதை அமிர்தம்னு சொல்றதில்ல.

அந்த மாத்திரை வேற கதை. கொட்டைல இருக்கற துவர்ப்புச் சரக்கு டெஸ்ட் ட்யூப்ல நல்லா வேலை செய்யுது, ஒத்துக்கறேன். மாமா டெஸ்ட் ட்யூப் இல்லையே! தோல்ல இருக்கற ரெஸ்வெரட்ராலுக்கு என்ன ஆச்சு? அதை வெச்சு வளர்ந்த சர்ட்ரிஸ் கம்பெனியை 2008ல கிளாக்ஸோ 72 கோடி டாலருக்கு வாங்கினாங்க. 2013ல அந்த ஆபீஸையே மூடிட்டாங்க. நடுவுல 2012ல, தன்னோட ரெஸ்வெரட்ரால் ஆராய்ச்சியாளர் ஒருத்தர் 145 இடத்துல தகிடுதத்தம் பண்ணியிருக்கார்னு கனெக்டிகட் பல்கலைக்கழகமே அறிவிச்சது.

சாயம்னு வில்லு, எண்ணெய்னு வில்லு, நானே வாங்கறேன். மருந்துன்னு விக்கறதா இருந்தா மருந்து மாதிரி நிரூபிச்சுட்டு வா. மாமாவுக்கு இதை வித்தது அவரோட வாக்கிங் நண்பர். அவர்கிட்ட "டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்களா?"ன்னு போன்ல கேட்டேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே தம்பி"ன்னார். உண்மையாவும் இருக்கலாம்.

மாமா மறுநாளே டாக்டரைப் பார்த்து பழைய மாத்திரையை ஆரம்பிச்சுட்டார். டப்பா மட்டும் இன்னும் ஃபிரிட்ஜ் மேலதான் இருக்கு. தூக்கிப் போடுங்கன்னா, "ரெண்டாயிரத்து நானூறு ரூபாய் மாப்ளே"ங்கறார்.