தொட்டிலும் இல்லறமும்

‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது நம் முன்னோர் மொழி. உண்பதும் உறங்குவதும் பேசுவதும் குறித்தே இதனைப் பெரிதும் வழங்குகிறோம். அன்பு செலுத்துவதும் தொட்டிலருகே கற்கப்படும் பழக்கமே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனை உளவியல் வழி ஆராய்ந்தோருள் முதன்மையானவர் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் ஜான் பவுல்பி (1907–1990). இலண்டனில் வசதிமிக்க குடும்பத்தில் பிறந்த அவரை வளர்த்தவள் ஒரு செவிலி. அவருக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது அவள் பிரிந்து சென்றாள். தாயை இழந்ததற்கு ஒப்பான அத்துயரை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்திற்காக அவர் எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. உணவைப் போன்றே இடையறாத அன்பும் குழந்தைக்கு இன்றியமையாதது என்பதே அதன் சாரம்.

அவருடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த், ஓராண்டுக் குழந்தைகளைச் சிறிது நேரம் தாயிடமிருந்து பிரித்து, அவள் திரும்பும்போது அவை நடந்துகொள்வதை நோக்கினார். சில தாயைக் கண்டதும் தேறின. சில ஆறாமல் அழுதன. சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஹேசன், ஷேவர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இம்மூவகையைக் காதல் வாழ்விலும் கண்டது. நாளிதழ் வாசகர் அனுப்பிய 620 மறுமொழிகளில், நெருக்கத்தில் நிம்மதி காண்போர் 56 விழுக்காடு. நெருக்கத்தைத் தவிர்ப்போர் 25. கைவிடப்படுவோமோ என அஞ்சுவோர் 19.

நம் இல்லங்களை நோக்குவோம். ‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்று அடக்கப்பட்டவன், மனைவி அழும்போது செய்வதறியாது வெளியே எழுந்து செல்கிறான். ‘பொறுத்துப் போ’ என்பதையே கேட்டு வளர்ந்தவள், தன் மனக்குறையைச் சொல்ல அறியாது உள்ளுக்குள் குமைகிறாள். பொருளீட்டக் கடல் கடந்த தந்தை, விருந்தினரைப் போல் வந்து திரும்பும் வீடுகளும் நம்மிடையே பல. அவர்தம் தியாகத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நம்முள் பலரைக் கல்லூரிக்கு அனுப்பியதே அத்தியாகம்தான். எனினும் பணம் அனுப்புவதே பாசம் என்று கற்ற மகன், நாளை மனைவியிடமும் அதனையே அன்பெனக் கருதக்கூடும்.

அவ்வாறாயின் எல்லாம் பெற்றோர் குற்றமா? அன்று. அவர்களும் தம் பெற்றோரிடம் கற்றதையே நமக்குக் கற்பித்தனர். வளர்ப்பு விதியும் அன்று. மேரி மெய்ன் முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நம்பிக்கை ஊட்டுகிறது. துயர்மிக்க இளமையைக் கண்டவரும், அதனை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் தெளிவாக எண்ணிப் பேச வல்லவராயின், அவர்தம் குழந்தைகள் அமைதியான பற்றுடன் வளர்தல் கூடும் என்பதை அது உணர்த்தியது. பாட்டனாரின் மடியும், ஆசிரியரின் பரிவும், நல்ல துணையின் பொறுமையும் பழைய பாடத்தைத் திருத்த வல்லன.

எனவே திருமணப் பேச்சின்போது சொத்தையும் சம்பளத்தையும் கேட்டறியும் பெரியோர், அவ்வீட்டார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் முறையையும் நோக்குவாராக. அதே வேளையில், பிரிந்த பெற்றோரின் பிள்ளை என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவைப்பது அறமன்று. அக்காயத்தை அறிந்தவரே பிறர் காயத்தைப் பேணவும் கூடும்.

மாணவச் செல்வங்களே! நாம் பெற்ற வளர்ப்பை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. நாளை நம் இல்லத் தொட்டிலில் கிடக்கும் குழந்தை எத்தகைய சொற்களைக் கேட்டு வளரும் என்பதோ நம் கையில்தான் உள்ளது.