சூளை யாருக்குச் சொந்தம்?

மூலதனம் என்றால் பணமூட்டை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். யந்திரமும் தொழிற்சாலையுமே மூலதனம் என்பாரும் உண்டு. 1867ஆம் வருஷத்தில் ‘மூலதனம்’ என்னும் நூலின் முதற் பாகத்தை வெளியிட்ட கார்ல் மார்க்ஸோ, அது வெறும் பொருளன்று, மனிதருக்கும் மனிதருக்கும் இடையே ஏற்படும் ஓர் உறவு என்றார். இக்கொள்கையைச் சோதித்தறிய லண்டனுக்கோ மாஞ்செஸ்டருக்கோ போக வேண்டுவதில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளே போதும்.

கடலூர் ஜில்லாவைச் சேர்ந்த இவ்வூர், பீங்கான் பொம்மைகளுக்கும் மின்சாரப் பீங்கான் சாமான்களுக்கும் பெயர் பெற்றது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. ஆயினும் மண்ணும் கைத்திறனும் மட்டும் பீங்கானாகிவிடா. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அவை வேக வேண்டும். அத்தகைய சூளையைக் கட்டும் சக்தி ஏழைக்கு ஏது? சூளையில்லாதவன் தன் உழைப்பை விற்றே பிழைக்க வேண்டும். தன் கூலிக்கு ஈடான மதிப்பை அவன் நாளின் ஒரு பகுதியிலேயே உண்டாக்கிவிடுகிறான். எஞ்சிய நேரத்தில் விளைவது சூளைக்காரரைச் சேர்கிறது. உபரி மதிப்பு என்று மார்க்ஸ் கூறியது இதனையே.

சூளைக்காரர் நஷ்டத்தையும் ஏற்கிறாரே எனலாம். உண்மையே. ஆனால் கிராக்கி குறைந்தால் முதலில் வேலையிழப்பவன் யார்?

எஞ்சிய நேரம் நீண்டால் லாபமும் பெருகும். இங்கிலாந்தில் ஸ்டாபர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிலில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை உழைத்ததை, 1863ஆம் வருஷத்துச் சர்க்கார் அறிக்கையிலிருந்து மார்க்ஸ் எடுத்துக் காட்டினார். 1864இல்தான் அத்தொழில் தொழிற்சாலைச் சட்டத்திற்கு உட்பட்டது. பழங்கதை என்று இதை ஒதுக்கலாகாது. நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின்னரே கைவிடப்பட்டது.

விருத்தாசலத்தில் சர்க்கார் பீங்கான் தொழிற்பேட்டை அமைத்து, சிறு தொழில் செய்வோரின் பண்டங்களைச் சுட்டுக் கொடுக்கப் பொதுச் சூளையும் ஏற்படுத்திற்று. மண்ணும் அதே மண். நெருப்பும் அதே நெருப்பு. உறவு மட்டும் மாறிற்று. சூளை கட்ட வகையற்றவனும் தன் பண்டத்துக்குத் தானே உடையவனாக இடம் ஏற்பட்டது. மார்க்ஸின் கூற்றுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

எனினும் சூளை பொதுவானால் போதாது. நவராத்திரிக் கொலு வரும்வரை பொம்மையை வைத்திருக்கக் கையில் காசில்லாதவன், முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே இணங்க வேண்டியவனாகிறான். சூளைக்காரரிடமிருந்து தப்பியவன் சந்தைக்காரரிடம் சிக்குகிறான். ஆகையால் பொதுச் சூளையைச் செம்மையாகப் பேணுவதுடன், குறைந்த வட்டிக் கடனுக்கும் கூட்டுறவு விற்பனைக்கும் வகை செய்வது சர்க்காரின் கடமை. சங்கமாய்ச் சேர்ந்து நிற்பது தொழிலாளரின் கடமை. கை வனைந்த பொருளின் பயன் அந்தக் கைக்கே சேரும் நாளில்தான் தொழில் வளர்ந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம்.