27-வது பிரிவை யாரும் சொல்வதில்லை

வேலைக்குச் சேரும் நாளில் ஹெச்.ஆர். நீட்டும் காகிதக் கட்டில் பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுகிறார்கள். முதல் வேலை கிடைத்த சந்தோஷத்தில் யார் வாசித்துப் பார்ப்பது? நடுவில் எங்கோ ஒரு ஷரத்து இருக்கும்: வேலையை விட்டபின் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது.

இந்தியாவில் அந்த ஷரத்து செல்லாது. சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் ஒருவரைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு. வியாபாரத்தை நற்பெயரோடு விற்றவருக்கு மட்டுமே அதில் விதிவிலக்கு. 1874-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு இது போனது. ஒரே வட்டாரத்தில் போட்டிக் கடை நடத்தியவர்களில் ஒருவர், “நீ கடையை மூடு, வேலையாட்களுக்கு நீ கொடுத்த முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன்” என்று மற்றவரிடம் பேசி முடித்தார். கடை மூடப்பட்டது, பணம் வரவில்லை. மூடியவர் வழக்குப் போட்டுத் தோற்றார். அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தடை ஒரு வட்டாரத்துக்கு மட்டும் என்றாலும் செல்லாது என்று அன்று தீர்ந்துபோனது. இங்கிலாந்தில் ‘நியாயமான’ தடைக்கு இடமுண்டு. நம் சட்டத்தில் அந்தச் சந்து கிடையாது.

வேலையில் இருக்கும் காலம் வேறு. ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் உதறிவிட்டுப் போட்டி ஆலைக்குப் போனவரை மிச்சக் காலத்துக்குத் தடுத்தது சரி என்று 1967-ல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழில் ரகசியத்தைத் தூக்கிப்போவதையும் யாரும் நியாயப்படுத்த முடியாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் என்ற பாண்டும் செல்லும் என்றது அதே நீதிமன்றம். பொதுத்துறை வங்கி ஆளெடுக்கப் படும் பாட்டைக் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது. தனியார் நிறுவனங்கள் அதை ஆயுதமாக்கிக்கொள்ளுமோ என்பது என் கவலை.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர வாய்ப்புகளில் ஒரு நிறுவனம் முன்னுரிமை கேட்டபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006-ல் அவர் பக்கமே தீர்ப்பு வந்தது. ஓ.எம்.ஆரில் கல்விக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அவ்வளவு தூரம் போக முடியுமா? அவளுக்கு எதிராக யாரும் வழக்குப் போடவே தேவையில்லை. ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைத்தால் போதும். ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும். அது வீட்டுக்கு வந்த அன்றே அப்பா, “எதுக்கும்மா வம்பு, அங்கேயே இரு” என்பார். நல்ல சம்பளம் கைநழுவிப் போகும். செல்லாத ஷரத்தை அச்சடிப்பவர்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இத்தகைய சட்டம் 1872-லேயே வந்தது. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய சட்ட வரைவே இரண்டுக்கும் மூலம். 2024-ல் கலிபோர்னியா மேலும் ஒரு படி போனது. இப்படியொரு ஷரத்தை ஒப்பந்தத்தில் சேர்ப்பதே சட்டவிரோதம் என்றது. ஏற்கெனவே சேர்த்த முதலாளிகள் அது செல்லாது என்று ஒவ்வொரு ஊழியருக்கும் பிப்ரவரி 14-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும் உத்தரவிட்டது. 27-வது பிரிவுக்குக் கீழே அப்படியொரு கடமையை நம் நாடாளுமன்றமும் எழுதிச் சேர்க்க வேண்டும். மீறினால் அபராதமும் வேண்டும்.