பென்குயினுக்குப் பத்து, நமக்கு ஐம்பது

பென்குயின்களைப் பார்த்து நாம் சிரித்தது 2025 ஏப்ரல் மாதத்தில். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவை நோக்கிப் போகும் வழியில், ஹெர்ட், மெக்டொனால்ட் என்று சில தீவுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். மனித வாசம் கிடையாது. பெர்த்திலிருந்து கப்பலேறினால் போய்ச் சேர இரண்டு வாரம் பிடிக்கும். போனால் ஓர் எரிமலை, நிறைய பனி, சீல்கள், கூட்டம் கூட்டமாகப் பென்குயின்கள். ஏப்ரல் 2ஆம் தேதி வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் டொனால்ட் டிரம்ப் பெரிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நாடு நாடாக வரி வாசித்தாரே, அன்று வெளியான பட்டியலில் இந்தத் தீவுகளும் இருந்தன. பத்து சதவீதம். ஏன் என்று கேட்டதற்கு, வேறு நாட்டுக்காரர்கள் அந்த வழியாகச் சரக்கைச் சுற்றிவிட்டு ஏமாற்றிவிடக் கூடாது என்கிற ரீதியில் வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக் தொலைக்காட்சியில் பதில் சொன்னார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சூட்கேசோடு சுங்கச்சாவடியில் வரிசை கட்டி நிற்கும் பென்குயின் படம் ஒரு வாரம் ஓடியது.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி. அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் என்றால் நமக்குக் காலை ஒன்பதரை. கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்த நேரத்தில் இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரி 50 சதவீதமாக ஏறியது. பென்குயின் பத்திலேயே நின்றது.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. பெரிய பொருளாதார மேதைகள் உட்கார்ந்து, ஒவ்வொரு நாடும் எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி போடுகிறது என்று அலசித்தான் அந்த அட்டையைத் தயாரித்திருப்பார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 2024இல் அமெரிக்கா இந்தியாவிடம் வாங்கியது 87.4 பில்லியன் டாலர் சரக்கு. நமக்கு விற்றது போக அவர்களுக்குத் துண்டு விழுந்தது 45.7 பில்லியன். இதை அதால் வகுத்தால் 52 சதவீதம். அதுதான் இந்தியா அமெரிக்காவுக்குப் போடும் ‘வரி’யாம். அதில் பாதி, 26 சதவீதம், அவர் தாராள மனதோடு நமக்குப் போட்டது. அட்டையில் 26 என்று இருந்தது உத்தரவின் இணைப்பில் 27 ஆகி, பிறகு மறுபடி 26 ஆனது. ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்றொரு சின்ன நாடு. அமெரிக்கர்களுக்கு ஜீன்ஸ் தைத்து அனுப்புவது அதன் முக்கியமான பிழைப்பு. ஏழை நாடு, அமெரிக்காவிடம் வாங்குவதற்குக் காசு கிடையாது. விற்பது மட்டும்தான். எனவே அதே கணக்குப்படி 50 சதவீதம், அன்றைய பட்டியலிலேயே உச்சம். ஆகஸ்டில் 15 ஆகக் குறைத்தார்கள். அதற்குள் ஜூலையிலேயே அந்த நாடு வேலையில்லாத் திண்டாட்டத்துக்காகப் பேரிடர் நிலையைப் பிரகடனம் செய்துவிட்டது.

நம்முடைய 26, ஜூலை கடைசியில் 25 ஆனது. அதோடு விட்டிருக்கலாம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று அபராதமாக இன்னொரு 25. உக்ரைன் போருக்கு நாம் பணம் கொடுக்கிறோமாம். சரி, ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகமாக வாங்கியது சீனா. அதற்கு இந்த அபராதம் கிடையாது. ஏப்ரலில் 145 சதவீதம் என்று சீனாவிடம் உறுமியவர்கள், அது அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதும் மே மாதம் 30க்கு இறங்கி வந்தார்கள். அமெரிக்காவே ரஷ்யாவிடம் யுரேனியமும் உரமும் வாங்குகிறதே என்று நம் வெளியுறவுத் துறை எடுத்துக் காட்டியது. நிருபர்கள் டிரம்பிடமே கேட்டார்கள். தனக்கு அதுபற்றித் தெரியாது, விசாரிக்க வேண்டும் என்றார். விசாரித்தாரா என்று இதுவரை தகவல் இல்லை.

ஆகஸ்ட் 15ஆம் தேதி அலாஸ்காவில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் விற்கிற புதின் விமானத்தை விட்டு இறங்குகிறார். சிவப்புக் கம்பளம். எதிரே நின்று கைதட்டி வரவேற்கிறார் டிரம்ப். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டும் போகிறார். விற்றவருக்குக் கம்பளம், வாங்கியவனுக்கு அபராதம்.

இதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு வருத்தம் உண்டு. மலிவு விலை ரஷ்ய எண்ணெயில் இந்தியா கொழிக்கிறது என்று வாஷிங்டனில் சொன்னார்கள். நம் அமைச்சர்களும் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குவது தேச நலன் என்றார்கள். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அது மலிவு என்பதுதான். சென்னையில் அப்போது பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் எண்பது காசு. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் இரண்டு ரூபாய் குறைத்ததோடு சரி, அங்கேயே நின்றது. அந்த மலிவு குஜராத் கடற்கரைச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாண்டி என் ஸ்கூட்டர் டேங்க் வரைக்கும் வந்து சேரவில்லை. லாபத்தில் பங்கு கொடுக்காதவர்கள் அபராதத்தில் மட்டும் பங்கு கொடுத்தார்கள்.

டிரம்பின் வர்த்தக ஆலோசகர் பீட்டர் நவாரோ ஒருபடி மேலே போய், உக்ரைனில் நடப்பது ‘மோடியின் போர்’ என்றார். சாதியைக்கூட இழுத்தார், இந்திய மக்களின் செலவில் பிராமணர்கள் லாபம் அடிக்கிறார்களாம். பொருளாதாரத்தில் ஹார்வர்டு முனைவர் பட்டம் வாங்கியவர். இவருடைய புத்தகங்களில் ரான் வாரா என்றொரு நிபுணர் அடிக்கடி வந்து சீனாவைப் பற்றிப் பொன்மொழி உதிர்ப்பார். அப்படி ஓர் ஆளே கிடையாது, நவாரோ என்கிற தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அவரே உருவாக்கிய ஆள் என்பது 2019இல் வெளியே வந்தது. வேடிக்கைக்குச் செய்தது என்றார். 2025இல் உலக வர்த்தகம் அவர் யோசனையில் ஓடியது.

நமக்கு மட்டும்தான் இப்படி என்று மனம் உடையத் தேவையில்லை. அப்போது பிரேசிலுக்கும் ஐம்பது, முன்னாள் அதிபர் பொல்சனாரோ மேல் வழக்கு நடத்தியது அவர்கள் செய்த குற்றம். சுவிட்சர்லாந்து தன் தேசிய தினத்தன்று கண் விழித்தபோது 39 சதவீதம் காத்திருந்தது. நோபல் அமைதிப் பரிசுக்கு டிரம்பின் பெயரை முன்மொழிந்த பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19. மே மாதம் நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த சண்டையை அவர் நிறுத்தினார் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஹூஸ்டனில் 2019இல் அவர் கையைத் தூக்கிப் பிடித்தோம், 2020இல் அகமதாபாத் மைதானத்தை நிரப்பிக் காட்டினோம், தேர்தலில் அவர் ஜெயிக்க வடக்கே சிலர் யாகமே வளர்த்தார்கள். யாகம் பலித்துவிட்டது, பிரசாதம்தான் இது.

என் மச்சினன் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறான். பெரிய எக்ஸ்போர்ட்டர் எல்லாம் இல்லை. கட்டிங் முடிந்த துணி எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வண்டியில் வரும். ஓவர்லாக், பேட்லாக் அடித்து, தைத்து, பீஸ் கணக்கில் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வான். ஆகஸ்ட் மாதம் அவனைப் போனில் பிடிக்கவே முடியவில்லை. 27ஆம் தேதிக்கு முன்னால் கப்பலேறி, செப்டம்பர் 17க்குள் அமெரிக்கக் கரை சேர்ந்துவிட்டால் புதிய அபராதம் கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது. தூத்துக்குடிக்குப் போகிற கண்டெய்னரைப் பிடிக்க ஊரே ஓடியது. கலைமான் படம் போட்ட குழந்தைகள் நைட் டிரஸ், கிறிஸ்துமஸ் சரக்கு. ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று ஆட்கள் தைத்துத் தள்ளினார்கள்.

சதுர்த்தி கழித்து நானே கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான். அதுவே சரியில்லை என்று பட்டது.

“துணியே வரலீங்க மாமா. பையர் ஹோல்டு பண்ணச் சொல்லிட்டாராம். ஆளுங்களை வெச்சுக்கறதா அனுப்பறதான்னு தெரியலீங்க. அனுப்பிட்டா திரும்ப வரமாட்டானுங்க, கொரோனாவுல பாத்தோம்ல.”

“எக்ஸ்போர்ட்டர் என்ன சொல்றாரு மாப்ளே?”

“பீஸுக்கு ஒரு ரூபா கொறச்சுக்கோங்கறாருங்க.”

ரோஜாத் தோட்டத்திலிருந்து ஒரு ரூபாய் இப்படித்தான் நடந்து வந்தது. அந்த ஐம்பது சதவீதக் கணக்கில் நாலு டாலர் பனியனுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் கூடுதல் வரி இரண்டு டாலர். ஏற்கெனவே இருந்த வரி தனி. அதே பனியன் பங்களாதேஷிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போனால் அப்போது கூடுதல் வரி இருபது சதவீதம், அதாவது எண்பது காசு... மன்னிக்கவும், எண்பது சென்ட். வரியைக் கட்டுவது இறக்குமதி செய்கிற அமெரிக்க வியாபாரி. அவர் அதை முழுவதும் தன் வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது. டாக்கா பக்கம் திரும்பிவிடுவேன் என்று சொல்லித் திருப்பூர் எக்ஸ்போர்ட்டரிடம் டிஸ்கவுண்ட் கேட்பார். எக்ஸ்போர்ட்டர் தன் பங்குக்கு என் மச்சினனிடம் ஒரு ரூபாய் கேட்பார். மச்சினன் யாரிடம் கேட்பான்? செக்கிங்கில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிற அக்காவிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்ட் ஆக்குவான். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைக் கவரில்தான் டிரம்பின் கையெழுத்து வந்து விழுந்தது.

2024-25இல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 45,000 கோடி ரூபாய். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. இந்தியா முழுவதுமாகப் பார்த்தால் சரக்கு ஏற்றுமதியில் 20 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, தமிழ்நாட்டிலிருந்து 31 சதவீதம் என்று அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதத்தில் கணக்குச் சொன்னார். அடி எங்கே பலமாக விழும் என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டாம். வேறு சந்தைக்குப் போங்கள் என்று டெல்லியில் அறிவுரை சொன்னார்கள். பிரிட்டனோடு ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது, அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அமெரிக்க அளவில், அமெரிக்கக் கம்பெனி லேபிளோடு தைத்த துணியை மான்செஸ்டரிலோ மதுரையிலோ விற்க முடியாது.

அதே சமயத்தில் தபால் நிலையத்திலும் வரி எதிரே வந்து நின்றது. நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்குப் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பப் போனோம். எண்ணூறு டாலருக்குக் கீழ்ப்பட்ட பொருள்களுக்கு அமெரிக்கா கொடுத்து வந்த வரிவிலக்கு ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு ரத்து. அந்த வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் விமானக் கம்பெனிகள் மூட்டையை ஏற்ற மறுக்க, நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான எல்லா வகைத் தபாலையும் நிறுத்தி வைத்திருந்தது.

“லெட்டராவது போகுமாம்மா?” என்று கேட்டார் என் மனைவி.

“லெட்டரும் எடுக்கிறதில்லீங்க மேடம். ஜெர்மனிக்குப் போகும், வேணுங்களா?” என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

ஜெர்மனியில் எங்களுக்கு யாரும் இல்லை.

அமெரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கிடையே ஆகஸ்ட் 29ஆம் தேதி ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 1977ஆம் வருடத்து அவசரநிலைச் சட்டத்தை வைத்துக்கொண்டு அதிபர் இப்படி உலகத்துக்கே வரி போட அதிகாரமில்லை என்று ஏழுக்கு நாலு கணக்கில் சொல்லிவிட்டார்கள். சட்டவிரோதம்தான், ஆனாலும் அக்டோபர் 14 வரை வசூலிக்கலாம் என்றார்கள். நம் நீதிமன்றங்களைப் பழித்தவர்கள் கவனிக்க.

வரியில் கோணங்கித்தனம் செய்வது அவர்கள் மட்டுமா என்றும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் முன்னால் ஓர் ஓட்டல் அதிபர், பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், கஸ்டமர் கிரீமைத் தனியாகக் கொடு நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று சொன்னார். சபை சிரித்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்கும் வீடியோ வந்தது. 2025 செப்டம்பர் 3, புதன்கிழமை கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அடுக்குகளைக் குறைத்து, பாக்கெட் பரோட்டாவுக்குப் பூஜ்யம் என்று அறிவித்தது. செப்டம்பர் 22 முதல் அமல். பரோட்டாவும் சப்பாத்தியும் ஒரே இனம் என்று கண்டுபிடிக்க எட்டு வருடம் ஆனது. நாள் ஆனாலும் நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை.

திருப்பூருக்கு என்ன செய்தார்கள்? பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 டிசம்பர் வரை நீக்கினார்கள். நூல் மில்லுக்குச் சந்தோஷம், பருத்தி விவசாயிக்கு வயிற்றெரிச்சல், தைக்கிறவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஆர்டர் இல்லாதவனுக்கு நூல் விலை குறைந்தால் என்ன? அப்போதைய மாநில ஆளுங்கட்சிக் கூட்டணி செப்டம்பர் 2ஆம் தேதி திருப்பூரிலேயே ஆர்ப்பாட்டம் நடத்தியது. டிரம்ப் காதில் விழுந்திருக்காது. டெல்லி காதில் விழுந்ததா என்பதும் சந்தேகம். விவசாயிகள் நலனை விட்டுக்கொடுக்க மாட்டேன், அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்க நேர்ந்தாலும் தயார் என்று ஆகஸ்ட் 7ஆம் தேதி எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர் பேசினார். கோடிக்கணக்கான பால் மாட்டுக்காரர்களை அமெரிக்கப் பண்ணைகளிடம் காவு கொடுக்காதது சரி என்பதுதான் என் அபிப்பிராயமும். ஆனால் அந்த விலைக்கான பில் பிரதமர் வசிக்கும் லோக் கல்யாண் மார்க்குக்குப் போகவில்லை. பனியன் கம்பெனிச் சந்துகளுக்கு வந்தது.

கொரோனா காலத்தில் சிறு தொழில்களுக்கு அரசே ஜாமீன் நின்று அவசரக் கடன் கொடுத்தது. அதை மறுபடி திறக்கலாம், கடன் தவணையை ஒத்திப் போடலாம், வட்டியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளலாம். மாநில அரசு வேலை இழக்கிற தொழிலாளிக்கு நேரடியாகக் கொஞ்சம் பணம் கொடுக்கலாம். ஒன்றும் புதிய யோசனை இல்லை. 2025 தீபாவளி அக்டோபர் 20. கடிதம் எழுதிய முதல்வரும் விலை கொடுக்கத் தயார் என்ற பிரதமரும் முதல் தவணையை அதற்கு முன்னால் திருப்பூருக்கு அனுப்பி வைக்கட்டும் என்பதுதான் அன்று என் எதிர்பார்ப்பு.