கழுத்து டாப்ளர் ஸ்கேன்: 5 டிகிரி தப்பினால் என்ன ஆகும்?

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, டாக்டர் எழுதிக் கொடுத்த 'கழுத்து டாப்ளர்' சீட்டோடு திருவண்ணாமலைக்குப் போகிறார் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் அறையில் ஜெல் தடவிக் கருவியை வைத்ததும் 'உஷ்... உஷ்...' என்று கேட்கும். ரத்தம் ஓடும் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மெஷின் போட்ட கணக்கின் சத்தம்!

மெஷின் அனுப்பும் ஒலி, உதாரணத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ், நம் காதுக்கு எட்டாது. ஓடும் ரத்த சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறும். ரத்தம் நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில், ஒலி செல்லும் திசைக்கு 60 டிகிரி கோணத்தில் ஓடினால் வித்தியாசம் சுமார் 1,600 ஹெர்ட்ஸ். அதிர்ஷ்டவசமாக இது காதில் விழும் அளவு. இந்த வித்தியாசத்தைத்தான் ஸ்பீக்கர் ஒலிக்கிறது. வேகத்தைக் கணக்கிடுவதும் இதிலிருந்துதான்.

சிக்கல் அந்தக் கோணத்தில் இருக்கிறது. பொதுவாக, ஸ்கேன் எடுப்பவர் திரையில் ஒரு கோட்டைத் திருப்பி, ரத்தக்குழாயின் திசைக்குப் பொருத்துவார். உண்மையில் 60 டிகிரி, அவர் வைத்தது 65 என்றால், வேகம் 18 சதவிகிதம் கூடுதலாகக் காட்டும். கழுத்தின் கரோட்டிட் குழாயில் உச்ச வேகம் நொடிக்கு 125 செ.மீ. தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு இருக்கலாம் என்பது பரவலான அளவுகோல். நிஜத்தில் 110 இருந்த பெரியவருக்கு மெஷின் 130 என்று காட்டிவிடும். அதனால்தான் கோணம் 60-ஐத் தாண்டக் கூடாது என்று பாலபாடமாகச் சொல்லித் தருகிறார்கள். 80 டிகிரியில் இதே 5 டிகிரி தப்பினால் வேகம் இரண்டு மடங்காகிவிடும்!

சரி, மெஷினின் கணக்கு சரியா என்று யார் பார்ப்பது? குழாய்க்குள் புகுந்து ரத்தத்தின் வேகத்தை அளந்துவிட்டு வர முடியாதே. அதற்காக கம்ப்யூட்டரில் பொய் ரத்தம் ஓட விடுகிறார்கள்.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யோர்கன் ஆரன்ட் யென்சன் 1990-களில் உருவாக்கிய 'ஃபீல்டு 2' இதில் பெயர்பெற்ற மென்பொருள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். அத்தனையையும் கணக்கில் கொண்டுவர எந்த கம்ப்யூட்டரும் திணறும். அவசியமும் இல்லை. சிவப்பணு ஒலியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது என்பதால், பல அணுக்களின் எதிரொலி கலந்து ஒன்றாகத்தான் வரும். ஆகவே பிரதிநிதிகளாகச் சில புள்ளிகளைத் தாறுமாறாகத் தூவினால் போதும். நடுவில் வேகமாகவும் குழாய்ச் சுவரோரம் மெதுவாகவும் அவற்றை நகர்த்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் என்ன எதிரொலி வரும் என்று கணக்கிடுகிறார்கள். வேகத்தை நிர்ணயித்ததே இவர்கள்தான் என்பதால் சரியான விடை முன்பே கையில் இருக்கும். மெஷினின் கணக்குமுறை அதைக் கண்டுபிடிக்கிறதா, கோணம் மாறினால் எவ்வளவு தடுமாறுகிறது என்று ஆயிரம் முறைகூட சோதிக்கலாம். ஒரு நோயாளிக்கும் தொந்தரவில்லை.

ஆனால், பொய் ரத்தம் இருமாது, எச்சில் விழுங்காது. பெரியவர் இரண்டும் செய்வார். அதனால் அடுத்து ரத்தம் போன்ற திரவம் ஓடும் செயற்கைக் குழாயிலும், பிறகு மனிதர்களிடமும் சோதிக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். டாக்டர் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. குழாயில் படிந்திருக்கும் கொழுப்பையும் படத்தில் பார்ப்பார். டாப்ளர் படத்தின் ஓரத்தில் பெரும்பாலும் கோணமும் அச்சாகியிருக்கும். மறுமுறை ஸ்கேனுக்குப் போகும்போது பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். வேகம் கூடியிருந்தால், இரண்டு முறையும் ஒரே கோணத்தில்தான் எடுத்தார்களா என்று டாக்டரிடம் கேட்கலாம்.