முதல் பக்கத்தில் யார்?



டிராயிங் ஷீட்டில் டைட்டில் பிளாக் போடாமல் கொடுத்து எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்போம்! "சும்மா பேரு எழுதுற கட்டம்தானே" என்று நினைத்தவன்தான் நானும். நூலகத்தில் பழைய நிலப்பட நூல்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டிய பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

1570-இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஆபிரகாம் ஓர்டீலியஸ் 53 நிலப்படங்களைத் தொகுத்து ஒரே நூலாக வெளியிட்டார். முதல் நவீன அட்லஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் முகப்புப் பக்கம் ஒரு அலங்கார வாசல் போல இருக்கும். மேலே கிரீடத்தோடு சிம்மாசனத்தில் ஐரோப்பா. கீழே இரண்டு பக்கமும் ஆசியாவும் ஆப்பிரிக்காவும். எல்லோருக்கும் அடியில், வெட்டிய தலையைக் கையில் பிடித்தபடி, உடையில்லாமல் அமெரிக்கா! படத்தைப் பார்க்கும் முன்னாலேயே யார் உசத்தி, யார் மட்டம் என்று தீர்ப்பு சொல்லியாச்சு. இது எந்தக் கருவியால் அளந்த அளவு? "அழகான சித்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

1584-இல் லெய்டன் நகரில் இன்னொரு நூல் வந்தது. கடல்படங்களின் தொகுப்பு. செய்தவர் லூக்காஸ் வாகெனார், கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி. அதன் முகப்பில் கோளத்தைச் சுற்றி ஆட்கள். ஓரங்களில் திசைகாட்டி, நட்சத்திர உயரம் பார்க்கும் கருவிகள், ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு. அரசியும் இல்லை, அடிமையும் இல்லை. வேலை செய்யும் கையும் கருவியும்தான். என் ஓட்டு இதற்கே!

இந்தப் பக்கங்களை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? செப்புத் தகட்டில் கூரான உளியால் ஒவ்வொரு கோடாகக் கீற வேண்டும். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி வெட்ட வேண்டும். கீறலில் மையை நிரப்பி, மேலே துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால்தான் படம்.

என் அப்பா பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர். அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் படிக்கிறேன். "உங்க பேரை எங்கயாவது வெட்டியிருக்கீங்களாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "வாங்குறவங்க பேருதான்டா வெட்டணும். நம்ம பேரு எதுக்கு?" என்றார். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

ஓர்டீலியஸும் ஆரம்பத்தில் நிலப்படங்களுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தவர்தான். முகப்பில் தவறினாலும், உள்ளே 80-க்கும் மேற்பட்ட நிலப்படக்காரர்களின் பெயர்ப் பட்டியலைப் போட்டார். அந்த நேர்மை பெரிது.

நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் நன்றியுரையில் பெரியவர்கள் பெயரெல்லாம் வரும். வரட்டும், தப்பில்லை. ஆனால் ராத்திரி ஏழு மணி வரை கூட நின்று வெல்டிங் சொல்லிக் கொடுத்த ஒர்க்ஷாப் அண்ணன் பெயர்? இந்த வருஷம் எங்கள் குழு ரிப்போர்ட்டில் அது முதல் பக்கத்திலேயே வரும்.

உங்கள் முதல் பக்கத்தில் யார்? சிந்திப்பீர் தோழர்களே!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை